கறை படியாத சோபா

சோபாவில் எண்ணெய்க் கறை இல்லை. அதுதான் ஜெயஸ்ரீக்கு முதலில் உறுத்தியது.

சனிக்கிழமை என்றால் கணவர் தினகரன் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழிய, இடுப்பில் ஒரு துண்டோடு ஹாலில் உட்கார்ந்து ஊறுவார். அந்த எண்ணெயில் சேலையூர் முழுவதற்கும் வடை சுடலாம். பழைய சோபா அப்படித்தான் கறுத்துச் செத்தது. புதியது காளான் தோல். மாட்டைக் கொல்லாமல், காளான் இழைகளைத் தட்டில் வளர்த்து, வாட்டி, தோலாக்கியது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துப் பட்டறையிலிருந்து கொண்டுவந்து இறக்கியவன் சொல்லிவிட்டுத்தான் போனான்: "எண்ணெ மட்டும் பட வுடாதீங்கக்கா. அதுக்கு அது சோறு மாரி."

"சோபாவுக்குச் சோறாம்! அப்ப ரசம் யாரு ஊத்துறது?" என்று தினகரன் சிரித்தார். வாரா வாரம் ஊறினார். வாரா வாரம் சோபா பளபளத்தது. "பாத்தியா, ஒரு பொட்டு கறை இல்ல. மாட்டுத்தோலுக்கு இந்தச் சாமர்த்தியம் உண்டா?"

இன்று மழை மூட்டம். குளிக்கக் கூப்பிட வந்தவளின் முகத்தில் வாடை அறைந்தது: புளித்த தோசைமாவும், நனைந்த சாக்ஸும், மூடிவைத்து மறந்த மீன்குழம்பும் ஒன்றாகக் குடித்தனம் செய்கிற வாடை; பல்லாவரத்துத் தோல் கிடங்குகளே மூக்கைப் பொத்திக்கொண்டு விமானம் ஏறிவிடும். அதனடியில் ஒரு சத்தம், ஜூஸ் டப்பாவின் அடியைக் குழந்தை ஸ்ட்ராவால் உறிஞ்சுவதுபோல, நிதானமாக, விடாமல். மின்விசிறியோ என்று நிமிர்ந்து பார்த்தாள். கரண்ட் இல்லை.

"என்னங்க, வெந்நீர் ஆறுது. எழுந்திருங்க."

"கொஞ்ச நேரம் ஜெயா. சொர்க்கமா இருக்கு."

கைப்பிடியைத் தொட்டாள். வெதுவெதுப்பு. வியர்த்திருந்தது. நுண்துளைகள் மீன்வாய்போலத் திறந்து மூடின. ஒன்று அவள் விரலைச் சப்பியது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அவர் கன்னம் ஒட்டியிருந்தது. காலையில்கூடத் தொப்பை இருந்தது. இப்போது வெறும் தோல்மடிப்பு. சோபாவோ பூரித்து உப்பியிருந்தது.

"எழுந்திருங்கன்னு சொல்றேன்ல!"

இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். எடையே இல்லை. வந்தார். பாதி.

முதுகுக்கும் சோபாவுக்கும் நடுவே வெள்ளை வெள்ளையாக இழைகள். இடியாப்பம் போல. ஈரமாக. ஒவ்வொன்றுக்குள்ளும் மஞ்சள் கொழுப்பு ஊர்ந்தது. சோபாவை நோக்கி.

"இழுக்காதடி," என்று அவர் குழைந்து சிரித்தார். "கூசுது."

சோபா முழுவதும் மயிர்க்கால்கள் குத்திட்டு எழுந்தன.