சம்பூரணம் கொடுத்த முறை

யானைக்கு முறை கொடுக்கிற நிலத்தைத் துப்புரவு செய்வதென்றால், நாவல்பள்ளத்தில் ஊரே திரண்டு வரும். சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி வரப்போரம் வைப்பார்கள். கிணற்றைப் பலகை போட்டு மூடுவார்கள். கம்பித் துண்டு, கண்ணாடிச் சில்லு, பிளாஸ்டிக் பை என்று கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்குவார்கள். வருகிறவர்களின் காலில் ஒரு முள் ஏறிவிடக் கூடாது.

“என்ற கல்யாணத்துக்குக்கூட இத்தனை சுத்தம் பண்ணலீங்க” என்றான், ஊருக்குக் கம்பங்களைப் பராமரிக்கிற நாச்சிமுத்து.

“மாப்பிள்ளை எடை கம்மிங்களே, அதுக்கு இது போதும்னு உட்டுட்டாங்க” என்றாள் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த வருஷம் துப்புரவு நடந்தது தங்கமுத்துவின் மக்காச்சோளக் காட்டில். நியாயமாகப் பார்த்தால் பக்கத்திலிருந்த சம்பூரணத்தின் வாழைத்தோப்பில் நடந்திருக்க வேண்டும். ஏன் நடக்கவில்லை என்பதைச் சொல்வதற்கு முன்னால், கண்ணுகளா, இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

முன்னே மலையடிவாரத்தில் அகழி வெட்டினார்கள், மின்கம்பி கட்டினார்கள், பட்டாசு வெடித்தார்கள். யானையும் செத்தது, மனிதனும் செத்தான், வெள்ளாமை மட்டும் மிஞ்சவில்லை. பிறகுதான் ஒலிவேலி வந்தது. யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. படித்தவர்கள் அந்தப் பேச்சில் எவ்வளவோ பிரித்தெடுத்தார்கள். ஆனால் ஒரு குடியானவனுக்கு இரண்டு சொல் போதும்: ‘வா’, ‘வேண்டாம்’. இடுப்பளவு உயரத்தில் ஒரு தாழொலிக் கம்பம் ஒவ்வொரு நிலத்திலும் நட்டு, அந்த இரண்டு சொல்லையும் அதில் வைத்தார்கள்.

வெறும் ‘வேண்டாம்’ நெடுநாள் செல்லுபடியாகவில்லை. பசிக்கிற வயிற்றுக்கு எல்லாத் திசையிலும் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அது எத்தனை நாள் கேட்கும்? வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துப் பழகிய ஊர் அது. யானைக்கும் முறை வைத்தார்கள். வருஷத்துக்கு ஒரு நிலம் ‘வா’ என்று சொல்லும், அங்கே உள்ளதெல்லாம் யானைக்கு. மற்ற நிலங்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லும், அங்கே ஓர் இலைகூடப் போகாது. முறை கொடுத்த வீட்டுக்கு மற்ற வீடுகள் தங்கள் விளைச்சலில் பங்கு கொண்டுவந்து கொடுக்கும். பகலிலேயே வரும் யானைகள். யாரும் விரட்டாதபோது இருட்டில் ஒளிந்து வர அவற்றுக்கு என்ன தலையெழுத்து?

கூடவே ஒரு விதி இருந்தது. ஒரு நிலத்தின் முறையை யார் கொடுக்கிறாரோ, அந்த நிலம் அவருடையது. கம்பம் அவருடைய உள்ளங்கைக்குத்தான் திறக்கும்.

சம்பூரணத்தின் புருஷன் வேலுமணி, முறை வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். தோப்பிலிருந்த வாழை அவன் கையால் நட்டது. தார் தள்ளிக் காய் பாதி பருத்திருந்தது.

துக்க வீட்டுக்காரர்கள் யாரையும் ‘வா’ என்று அழைக்கக் கூடாது, நமக்குத் தெரிந்ததுதான். வருகிறவர் தானாக வருவார், சொல்லாமல் போவார். அந்த வழக்கத்தைத்தான் ஊர்க்கூட்டத்தில் எடுத்து வைத்தார்கள். வருஷம் திரும்பாத வீட்டுக் கம்பம் ‘வா’ என்று கூப்பிடலாமா? கூப்பிட்டால் அந்த வீட்டுக்குப் பின்னும் என்ன வந்து சேருமோ? வேலுமணியின் அண்ணன் தங்கமுத்து எழுந்து நின்றார்.

“அந்த முறையை நான் கொடுத்தர்றேனுங்க. என்ற சோளம் போனாப் போகுது. தம்பி நட்ட வாழையாவது அந்தப் புள்ளைக்குத் தேறட்டும்.”

கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் பொய்யாகப் பேசவில்லை. தம்பி பெண்டாட்டி மேல் அவருக்கு இரக்கம் இருந்தது. தம்பி நிலத்தின் மேலும் ஒரு கண் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக் கூடாது என்று சட்டமா?

“அப்ப நெலம் யார் பேருக்குங்க மாமா?” என்று கேட்டாள் சம்பூரணம்.

“நெலம் எங்க போகுது அம்மிணி? குடும்பத்துக்குள்ளதான இருக்குது. நீ ஒண்டிப் பொம்பள, கம்பத்தைக் கட்டிட்டு எதுக்கு அல்லாடணும்?”

மேற்கொண்டு கேட்டால், துக்கத்திலும் சொத்து பேசுகிறாள் என்பார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். நாச்சிமுத்து அவளுடைய கம்பத்தில் வேலுமணியின் உள்ளங்கையை அழித்துத் தங்கமுத்துவின் உள்ளங்கையைப் பதித்தான். ‘முறை முடிந்ததும் நிலம் அவர் பெயரில் ஏறும்’ என்றது கம்பம், பெண்குரலில், மரியாதையாக.

பனி விலகிய காலையில் யானைகள் இறங்கின. முன்னால் மூத்த பெண்யானை, பின்னால் குட்டிகளும் தாய்களும். தங்கமுத்துவின் கம்பம் ‘வா’ என்றது. நமக்குக் கேட்காது, கம்பத்தின் உச்சியில் ஒரு பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான். மூத்தவள் அந்தப் பச்சையைத் தாண்டினாள். சோளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வாழைத்தோப்பின் வரப்புக்கு வந்து நின்றாள்.

அங்கே கம்பம் ‘வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே நுழையவில்லை. திரும்பிப் போகவும் இல்லை.

“கம்பம் கெட்டுப்போச்சா?” என்று அதட்டினார் தங்கமுத்து.

அவரை உள்ளங்கை வைக்கச் சொல்லி, நாச்சிமுத்து கம்பத்தின் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். “கம்பம் நல்லாத்தான் இருக்குதுங்க. போன வருஷம் கெழக்குக் காடு, அதுக்கு முந்தி ஓடையோரக் காடு. அடுத்தது இதுதான்னு அதுகளுக்கு மனப்பாடமா இருக்குது. வரிசையில ஒண்ணைத் தாண்டுனது நாமதானுங்க.”

“வேண்டாமுன்னு இன்னும் சத்தமா வையி.”

அவன் வைத்தான். நம் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை, ஆனால் நின்றவர்களின் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. குட்டிகள் தாயின் வயிற்றுக்கடியில் ஒண்டின. மூத்தவள் காதை விரித்தாள், மடக்கினாள், அசையாமல் நின்றாள். வெயில் உச்சிக்கு ஏறியது. சோளக் காட்டில் பச்சை விளக்கு சும்மா எரிந்துகொண்டிருந்தது.

“ரொம்ப நேரம் தாங்காதுங்க” என்றான் நாச்சிமுத்து. “ஒரு கம்பம் ‘வா’ங்கறது, ஒண்ணு ‘வேண்டாம்’ங்கறது. எதோ ஒண்ணு பொய்யின்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. கோவம் வந்து உள்ள பூந்தா ஒரு காடும் மிஞ்சாது.”

சம்பூரணம் தங்கமுத்துவிடம் போனாள். “மாமா, என்ற கம்பத்தை மாத்தி வைங்க. உங்க கைக்குத்தான தொறக்கும்?”

“வருஷம் திரும்பாத வூட்டுல இருந்து ‘வா’ன்னு சொல்றதா? தெரிஞ்சு தெரிஞ்சு செய்யச் சொல்றயா அம்மிணி?” அவர் குரலில் நிஜமான பயம் இருந்தது.

அவள் தோப்புக்குள் போய்ப் பட்டைக்கத்தியை எடுத்தாள். வரப்பை ஒட்டிய முதல் வாழை, தார் கனத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. வேலுமணி கொடுத்த மூங்கில் முட்டு அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. அந்த மூங்கிலை எடுத்துக் கீழே வைத்தாள். இரண்டு வெட்டு. மரம் சரிந்தது. தாரோடு சேர்த்து வரப்புவரை இழுத்துக்கொண்டு போனாள். கம்பம் இன்னும் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

மூத்தவளுக்கு முன்னால் மரத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“வா” என்றாள்.

மூத்தவள் தும்பிக்கையை நீட்டி முதலில் கம்பத்தை முகர்ந்தாள். பிறகு சம்பூரணத்தின் கையை முகர்ந்தாள், வாழைப்பால் வழிந்த கையை. பிறகு வரப்பைத் தாண்டி உள்ளே வந்தாள். போகிற போக்கில் தோள் இடித்துக் கம்பம் சாய்ந்தது.

சாயங்காலத்துக்குள் தோப்பில் ஒன்றும் இல்லை. கிழித்துப் போட்ட மட்டைகளும் காலடிக் குழிகளும்தான். சம்பூரணம் அழுதாளா என்று கேட்காதீர்கள். அழுதாள். தோப்புக்காக அழுதாளா, நட்டவனுக்காக அழுதாளா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

முறை கொடுத்தது யார் என்பதில் சந்தேகம் இல்லை. கூட்டம் கூடி வேறு வழியில்லாமல் அவள் உள்ளங்கையைப் பதித்தது. நிலம் அவள் பெயருக்கு வந்தது. ஆனால் ஒருவரும் அவளை வாழ்த்தவில்லை.

“உன்ற ஒரு காட்டுக்காக ஊரு வேலியையே ஒடச்சுப்போட்டயே!” என்றார்கள் முகத்துக்கு நேராகவே. அதுவும் பொய்யில்லை. கம்பம் ‘வேண்டாம்’ என்னும்போதே உள்ளே போகலாம் என்று யானைகள் கற்றுக்கொண்டுவிட்டன. அடுத்த வருஷம் எந்தக் கம்பத்தையும் அவை பொருட்படுத்தவில்லை. யானை இறங்குகிற நாட்களில் அவரவர் காட்டு வரப்பில் அவரவரே நின்று வாயைத் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று. சில பேர் சொன்னால் யானை கேட்டது. சில பேர் சொன்னால் கேட்கவில்லை.

தங்கமுத்து சொன்னதை அது கேட்கவில்லை. முதல் நாளே ஓரத்துச் சோளம் போனது. மறுநாள் காலையில் அவர் சம்பூரணத்தின் வாசலில் வந்து நின்றார். வெகுநேரம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கும் இறங்கும்போல இருக்குது அம்மிணி. நான் கத்திப் பாத்துட்டேன்.”

அவள் கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு அவரோடு நடந்தாள்.

சோளக்காட்டு வரப்பில் போய் நின்றாள். மூத்தவள் வந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“வேண்டாம்” என்றாள் சம்பூரணம், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிற குரலில். “இங்க இல்ல. போ.”

மூத்தவள் கொஞ்சம் நின்றாள். பிறகு திரும்பினாள். குட்டிகளும் தாய்களும் பின்னால் போயின.

“நீ சொன்னா மட்டும் கேக்குதே அம்மிணி! அப்படியென்ன சொல்ற நீயி?”

“நீங்க சொல்றதையேதானுங்க மாமா சொல்றேன். நான் ‘வா’ன்னப்ப நெசமா வாழை இருந்துச்சுங்க. அதான் ‘வேண்டாம்’ன்னாலும் நம்புது.”

வரப்பு குறுகல், இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. அவர் ஒதுங்கி, அவளை முன்னால் போகவிட்டார்.