காயாத சீலர்

போன் அடித்தது.

பொறி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எடுத்தாள். பட்டறையில் அவளுக்கு அதுதான் பெயர். கையிலும் பொறி, வாயிலும் பொறி.

"அக்கா... என்னை ஸ்டேஷன்ல உட்கார வச்சிருக்காங்க. நேத்து டெலிவரி குடுத்தோமே, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்... அந்த ஆளு கார்லயே செத்துட்டாராம். நான் துருவை விட்டுட்டேனாம். ஓட்டை வழியா புகை ஏறிடுச்சாம்..."

தம்பியின் குரல் உடைந்தது.

"சாயங்காலம் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்க்கா."

"ஒண்ணும் ஆகாது. வாயைத் திறக்காம உட்காரு."

போனை வைத்தாள். பெயிண்ட் கரைக்கும் தின்னர் பாட்டில், பழந்துணி, டார்ச்... கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தாள். வழியில் ஒரு சிக்னல்கூட பச்சையாக இல்லை.

செத்தவரின் வீட்டு ஷெட்டில் கார் நின்றிருந்தது. ரெண்டு கதவு, தாழ்ந்த முதுகு, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. போன மாதம் வரை அதன் தரை துருப்பிடித்துச் சல்லடை. பொறியின் தம்பி அதை அறுத்தெறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்திருந்தான்.

பக்கத்தில் மூன்று பேர். தொப்பையோடு இன்ஸ்பெக்டர். அழுது முகம் வீங்கிய மனைவி. செத்தவரின் தம்பி... பேன்ட் பாக்கெட்டில் ரெண்டு கையையும் விட்டுக்கொண்டு.

"வாம்மா. டிரைவர் சீட்டுக்குக் கீழ மூணு ஓட்டை. சுத்திலும் துரு. இதுக்கு ஒரு வருஷ கேரண்டி வேறயாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஓட்டையை எப்படி சார் பார்த்தீங்க?"

"கார்ப்பெட்டைத் தூக்கித்தான்."

பொறிக்குத் திக்கென்றது.

"கார்ப்பெட் தரையிலயா இருந்துச்சு?"

"பின்ன, கூரையிலயா இருக்கும்?"

"நாங்க போடலை சார். வெல்டு பண்ணின இடத்துல சீலர் பூசுவோம், கருப்புப் பசை. காய மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் கார்ப்பெட்டை டிக்கியில சுருட்டி வச்சுதான் வண்டியைக் குடுப்போம். மேல போட்டு மூடினா பசை காயவே காயாது."

கதவைத் திறந்து விரலால் தொட்டாள். பிசுபிசுவென்று ஒட்டியது. ஓட்டையைச் சுற்றியிருந்த துருவைத் துணியால் துடைத்தாள். பொடியாக வந்துவிட்டது. கீழே புத்தம் புதுத் தகடு பளிச்சிட்டது.

"துருவைத் தூவி வச்சிருக்காங்க சார். கீழ வந்து பாருங்க."

இன்ஸ்பெக்டர் முக்கி முனகி, தொப்பையை மடக்கி, காருக்கடியில் தலையை நுழைத்தார்.

"பசை ஓட்டை வழியா கீழ இழுபட்டுத் தொங்குது பாருங்க. பூசினதுக்கு அப்புறம் மேல இருந்து டிரில் போட்டிருக்காங்க. நேரா கீழ சைலன்சர் பைப். புகை கசியட்டும்னு அதோட போல்ட்டையும் தளர்த்தியிருக்காங்க. ஸ்பேனர் கீறல் புதுசு."

"அப்படின்னா... கொலை!"

"என் தம்பி பண்ணலை."

"அவனே ராத்திரி வந்து பண்ணியிருந்தா?"

பொறிக்கு ஆத்திரம் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"இந்தக் கருப்புப் பசை சோப்புக்குப் போகாது சார். நகக்கண்ணுல ஒரு வாரம் நிக்கும். தம்பி கிளவுஸ் இல்லாம தொட மாட்டான். ஸ்டேஷன்ல அவன் கையைப் பாருங்க. இங்க இருக்கறவங்க கையையும் பாருங்க."

செத்தவரின் தம்பி முறைத்தான்.

"அண்ணன் போன துக்கத்துல நிக்கறோம். கையைக் காட்டணுமா?"

"காட்டுய்யா," என்றார் இன்ஸ்பெக்டர்.

கைகள் மெல்லப் பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தன. கடித்துத் துப்பிய நகங்கள். சுத்தம்.

மனைவி கையை நீட்டினாள். பத்து நகத்திலும் அடர் சிவப்பு நெயில் பாலிஷ். புதுசு.

அடியில் கருப்பு இருக்குமோ? பொறி குனிந்து பார்த்தாள்.

"காலையிலதான் போட்டேன்," என்றாள் அவள். "அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டிருந்தேன். இந்தக் காரையே எடுத்துட்டுப் போன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல தொடக்கூட விட்டதில்ல. தூசி வரும், கண்ணாடியை இறக்காதேன்னு பாசமா சொன்னார். இன்ஜினைச் சூடு பண்ணித் தரேன்னு போனவர்தான்..."

"அண்ணன் வழக்கம் அது," என்றான் தம்பிக்காரன். "தினமும் கண்ணாடியை ஏத்திட்டு, கண்ணை மூடி இன்ஜின் சத்தத்தைக் கேட்பான். பாட்டுக் கேக்கற மாதிரி."

பொறி துணியில் தின்னரை ஊற்றினாள். ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். சிவப்பு கரைந்தது.

அடியில்... வெறும் நகம். பிறந்த குழந்தையின் நகம்போல் சுத்தம்.

பொறி சோர்ந்துபோனாள். மணியைப் பார்த்தாள். வெயில் ஷெட் வாசலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆச்சா? உன் தம்பியைக் கோர்ட்டுக்குக் கிளப்பவா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருங்க சார்." அவள் மனைவியையே பார்த்தாள். "இன்னும் ஒருத்தர் கை பாக்கி."

"யாரோடது?"

"மார்ச்சுவரிக்குப் போன் போடுங்க."

போட்டு, செத்தவரின் கையைப் பற்றிக் கேட்டார். ஸ்பீக்கரில் ஒரு தூக்கக் குரல் கேட்டது.

"ஆமா சார், விரல் நுனியெல்லாம் கருப்பு. கழுவிப் பார்த்தோம், போகலை. ஏதோ பசை மாதிரி..."

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப... அந்த ஓட்டை... எனக்கா?"

பொறிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பெண்டாட்டிக்குப் புருஷன் வைத்த கண்ணி, பழி பட்டறைக்கு. ரெண்டு நிமிஷம் சத்தம் கேட்டுவிட்டு இறங்கிவிடலாம் என்று ஏறியிருக்கிறான். காதில் இன்ஜின், மூக்கில் புகை, கண்ணில் தூக்கம். இறங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"கொலைகாரனும் இவன், பிணமும் இவன். நான் யாரைய்யா உள்ள வைக்கறது?"

"முதல்ல என் தம்பியை வெளிய விடுங்க சார்."

விட்டார். போனில் தம்பி அழுத அழுகையில் பொறிக்கும் கண் நிறைந்தது. துணியால் துடைத்தாள். தின்னர் துணி. எரிந்தது.

மனைவி மெதுவாக எழுந்து காரையே வெறித்தாள். பிறகு கேட்டாள்.

"ஒரு வருஷ கேரண்டி குடுத்தீங்களே... இந்த ஓட்டைக்கு அது செல்லுமா?"

பொறி ஸ்கூட்டரை உதைத்தாள்.

"கேரண்டி துருவுக்குத்தான் மேடம். புருஷனுக்கு இல்ல."