பேட்டரி இல்லாத டார்ச்

பேட்டரிகளைக் கழற்றி மேசையில் வைத்த பிறகும் அந்த டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

பட்டறைக்காரி பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். அணையவில்லை. வெளியே மழை மூடி, மத்தியானமே இருட்டிக் கிடந்தது. ஈயம் பற்றவைத்த புகை வாசனைக்குள் எங்கிருந்தோ ஈரச் சிமெண்டின் நாற்றம் கலந்து, மெல்ல மெல்ல அறை முழுக்கப் பரவியது.

அது அவள் தம்பியின் டார்ச். தண்ணீர்ச் சுரங்கத்தைச் சோதிக்க இறங்கியவன், பாதி வழியில் விளக்கு கருகிப்போய், திசை தெரியாமல் பள்ளத்தில் விழுந்து செத்தான். விறைத்த விரல்களிலிருந்து பிடுங்கித்தான் அதை எடுத்தார்கள். கருகிய விளக்கு, பேட்டரியும் இல்லாமல், எப்படி எரியும்?

டார்ச்சின் தலைப்பகுதியைத் திருகித் திறந்தாள். எல்இடிக்குள் மின்சாரம் அளவுமீறிப் பாயாதபடி அவளே பொருத்தியிருந்த ரெசிஸ்டரைக் காணோம். அந்த இடத்தில் ஒரு கம்பித் துண்டு. சளி வழிந்ததுபோல் ஈயத்தை அப்பியிருந்த அந்தக் கைவேலை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். பயத்தையெல்லாம் தின்றுவிட்டுக் கோபம் மூண்டது. திருகி மூடியவள், டார்ச்சோடு நிலவறைக்கு இறங்கினாள்.

கணவன் புது டார்ச்சுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இதுல இருந்த ரெசிஸ்டர் எங்க?"

அவன் திரும்பவில்லை. "வெளிச்சம் மங்கலா இருக்குன்னு ஆளாளுக்குக் குறை சொன்னாங்க. எடுத்துட்டேன்."

"சூடேறிக் கருகிடும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. என் தம்பி கையில குடுக்கும்போதாவது வாயத் திறந்தீங்களா?"

"போனவன் திரும்பி வரப்போறானா? விடு."

"இந்தப் பெட்டியிலயும் எடுத்துட்டீங்களா?"

அவன் பெட்டியின் மூடியை அவசரமாக இழுத்துச் சாத்தினான்.

கூரை விளக்கு அணைந்தது.

டார்ச் மட்டும் எரிந்தது, முன்னைவிட வெள்ளையாக. எங்கோ தண்ணீர் சொட்டியது. பிறகு, சுவரை நகங்கள் பிராண்டும் சத்தம். நிதானமாக. வழி தேடுவதுபோல.

"யாரு அங்க?" அவன் குரல் உடைந்தது. "அத அணைச்சுத் தொலை."

அவள் வெளிச்சத்தை அவன்மேல் பிடித்தாள். பின்சுவரில் அவன் நிழல் விழவில்லை. வேறொரு நிழல் நின்றது, கைகளை முன்னால் நீட்டித் துழாவியபடி.

கையில் டார்ச் கொதித்தது. தோல் கருகும் வாடை. அவள் விடவில்லை. திருப்பவுமில்லை.

நிழலின் விரல்கள் சுவரை விட்டு வெளியே வந்தன. ஈரமாக. அவன் தோளைத் தொட்டன. கழுத்தை. கன்னத்தை.

கண்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே நின்றன.