வழிவிடாத பாஸ்

அப்போது எந்தப் பாட்டிலும் காலால் அடித்துத் தாளம் போடும் கிக் டிரம் இருக்கவில்லை. கேட்பவர் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் 'நாடிவில்லை' என்ற சிறு கருவி, அவருடைய இதயத் துடிப்பையே 'தும்' என்று பாட்டுக்குள் அனுப்பிவிடும். இசையமைப்பவருக்கு மீந்தது பாஸ் என்னும் கீழ்ச்சுருதி இசை மட்டும். துடிப்பு, பாஸ் இரண்டும் அடியாழத்து ஒலிகள். ஒரே நேரத்தில் ஒலித்தால் இரண்டுமே கலங்கிவிடும். அதனால் ஒவ்வொரு துடிப்புக்கும் பாஸ் கணநேரம் தாழ்ந்து எழ வேண்டும். அதற்கு வழிவிடல் என்று பெயர்.

காந்திபுரத்து இசையமைப்பு மாலை வகுப்பில் ரெஜினாவுக்கு அது மட்டும் கைவரவில்லை. பகலில் பம்ப் கம்பெனியில் வால்வுகளை அளந்து குறிப்பவள். மாலையிலும் அப்படித்தான், ஒவ்வொரு சோதனைக்கும் நோட்டில் ஒரு வரி. மூன்று டெசிபல் வழிவிடல்: கலங்கல். ஐந்து: பரவாயில்லை. எட்டு: உயிரே இல்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில், 'என் காதுதான் சரியில்லையோ?'

நாடிவில்லையை ஒட்டிக்கொண்டு அவளுக்காகக் கேட்பவன் பக்கத்து நாற்காலி தௌபீக். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன்.

"எப்படி இருக்கு?"

"உன் பாஸு புது மாப்பிள்ளையாட்ட பம்முது ரெஜி. யாரு வந்தாலும் எந்திரிச்சு நிக்குது."

"கிண்டல் பண்ணாதே. எத்தனை டெசிபல் வைக்கறது?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? ஒரு தடவ உக்காரச் சொல்லித்தான் பாரேன்."

பதினோராவது சோதனையில் வழிவிடலைப் பூஜ்யமாக்கினாள். நிமிடத்துக்கு அறுபத்து நான்கு முறை வீங்கி அமிழ்ந்தது பாஸ், யாருக்கும் ஒதுங்காமல். முதலில் கலங்கியது. பிறகு, அவள் எதையும் தொடாமலே, தெளிந்தது. தௌபீக் கண்களை மூடியிருந்தான்.

"தண்ணியில மல்லாந்து படுத்த மாதிரி இருக்கு."

'தெளிவு. காரணம் தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவன் அதையே போடச் சொல்லிக் கேட்டான்.

வெள்ளிக்கிழமை தேர்வு. அரங்கில் நாற்பது பேர். திரையில், இதயத்துக்கு ஒன்றாக, நாற்பது விளக்குகள். ரெஜினா அதே வழிவிடாத பாட்டைத் தொடங்கினாள். விளக்குகள் மின்மினிகள்போல ஆளுக்கொரு நேரத்தில் சிமிட்டின. கொஞ்ச நேரத்தில் இரண்டு சேர்ந்தன. பிறகு ஏழு. பிறகு ஒரு வரிசை. நான்காவது நிமிடத்தில் திரை முழுவதும் ஒன்றாய் ஒளிர்ந்து ஒன்றாய் மங்கியது. முகங்களெல்லாம் தூளியில் கிடக்கும் குழந்தை முகங்களாகியிருந்தன.

காரணம் இப்போது தெரிந்தது. பாஸ் வழிவிடவில்லை. இதயங்கள் வழிவிட்டிருந்தன. அது அமிழும் இடைவெளி பார்த்து, அதில் தங்கள் துடிப்பை நகர்த்தி வைத்துக்கொண்டன.

பாட்டு முடிந்தால் இவை எதைப் பார்த்துத் துடிக்கும்?

முடிவை நீட்டிப் பாட்டைச் சுழலவிட்டாள். வழிவிடலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். ஒன்று. இரண்டு. ஆறு. விளக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று தத்தம் வேகத்துக்குத் திரும்பின. கேட்டவர்கள் சோம்பல் முறித்துக் கைதட்டினார்கள்.

திரையின் முன்வரிசையில் ஒரு விளக்கு மட்டும் அறுபத்து நான்கிலேயே நின்றது. பாஸின் ஒலியைக் குறைத்தாள். அந்த விளக்கு தயங்கியது. ஒரு துடிப்பு நேரம் அணைந்தே காத்திருந்தது. சட்டென்று கூட்டினாள். எரிந்தது.

அது தௌபீக்கின் விளக்கு. ஓடிப்போய் அவன் பக்கத்தில் குந்தினாள்.

"என்னடா பண்ணுது?"

"நல்லாத்தான் இருக்கு. நீ கொறைக்கறப்ப மட்டும் அடுத்த அடி எங்க வெக்கறதுன்னு தெரியல." அவன் சிரித்தான். "பயப்படாத. என்னோட பழைய வேகத்துக்கு பாஸைக் கொண்டு வா. அதப் புடிச்சுக்கிட்டு நான் போயிக்கறேன். எவ்வளவு இருந்துச்சு? நீதான் எல்லாத்தையும் எழுதி வெப்பியே."

ரெஜினா நோட்டைப் பிரித்தாள். பதினோரு வரிகள். பாஸின் உயரம், அகலம், வழிவிடல், அரை டெசிபல் விடாமல். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு 'துடிப்பு'. அதன் கீழே பதினோரு முறையும், அழகான கையெழுத்தில், ஒரே சொல்.

'அவனுடையது.'