மாலையைத் திருப்பிக் கொடு!

"நான்தான் கொன்னுட்டேன்... என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க."

ரெமேதியோஸ் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். முப்பது வருடமாக அந்த மாட்ரிட் வீட்டில் சமைத்த கைகள்.

படுக்கையில் தோன் லெயாந்த்ரோ. எண்பத்து நான்கு வயது. முன்னாள் தூதர். விறைத்துக் கிடந்தார்!

இருதய மருந்து அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கிறது என்றார் டாக்டர்.

இன்ஸ்பெக்டர் நியெவெஸ் அவளை உட்கார வைத்து விசாரித்தாள். அழுகைக்கு நடுவே விஷயம் வந்தது. நேற்று சாயங்காலம் பல்வலி. மாத்திரை போட்டிருக்கிறாள். அந்தத் தூக்கக் கலக்கத்தில், பெரியவரின் சொட்டு மருந்தை அவர் ராத்திரி குடிக்கும் சூடான சாக்லேட்டில் கலந்தது ஒரு தடவையா, இரண்டு தடவையா... நினைவில்லை. தினமும் எட்டு மணிக்குக் காபியோடு அவரை எழுப்புகிறவள், இன்று கண் விழித்ததே பதினொன்றுக்கு. கதவைத் திறந்தால் பிணம்.

"அவரு உப்பைத் தின்னுட்டு அவரையே அனுப்பிட்டேனே..."

நியெவெஸுக்கு மனசு கேட்கவில்லை. கிழவிக்குச் சிறைதான் போலிருக்கிறது.

பன்னிரண்டரைக்குப் பெரியவரின் அண்ணன் மகன் கொன்ராதோ வந்தான். நேற்று ஏழு மணி வரை இங்கே இருந்துவிட்டுத் தன் ஊரான தொலேதோவுக்குத் திரும்பினானாம். ரெமேதியோஸ் போன் பண்ணித்தான் விஷயமே தெரியுமாம்.

"பாவம், தெரியாம நடந்துபோச்சு. அவங்களை விட்டுடுங்க மேடம்," என்றான். ரெமேதியோஸின் முகத்தை மட்டும் அவன் பார்க்கவில்லை.

கண்ணாடி அலமாரியில் தங்க மாலை ஒன்று மின்னியது. நியெவெஸ் கேட்டதுதான் தாமதம், கொன்ராதோ ஒரு பாடமே நடத்தினான். பேரன் பிறந்த சந்தோஷத்தில், 1771-ல் ராஜா மூன்றாம் கார்லோஸ் தொடங்கிய விருது. ஐந்து படிகள். அடியில் வெறும் சிலுவை. நாலாவது படியில்தான் தோளில் குறுக்கே போடும் நீலமும் வெள்ளையுமான பட்டை. உச்சியில் மாலை.

"சித்தப்பா உச்சியில. நான் இருபது வருஷமா அடிப்படியில," என்றான். "அந்த மாலை எங்களுது இல்ல மேடம். வாங்கினவர் செத்தா குடும்பம் திருப்பிக் கொடுத்துடணும். ஒருநாள் தாமதமானாலும் அவமானம்னு சித்தப்பா சொல்லுவார்."

டிரிங்... டிரிங்...

கூடத்து போனை நியெவெஸ் எடுத்தாள். விருது அலுவலகத்துப் பெண். துக்கம் விசாரித்தாள். மாலையோடு இறப்புச் சான்றிதழும் வேண்டுமாம்.

"காலையில ஒன்பதரைக்கு அவரோட அண்ணன் மகன் பேசினப்பவே சொல்லியிருக்கணும், மறந்துட்டேன். இந்தத் துக்கத்துலயும் கடமையை மறக்கலையேன்னு ஆபீஸே மெச்சிச்சு மேடம்."

நியெவெஸ் போனை வைத்தாள்.

"ரெமேதியோஸ் பிணத்தைப் பார்த்தது பதினொன்னுக்கு. நீங்க ஒன்பதரைக்கே மாலையைத் திருப்பித் தரேன்னு சொல்லியிருக்கீங்களே, எப்படி?"

கொன்ராதோ மெல்ல ரெமேதியோஸைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ... எட்டு மணிக்கு எழுப்புவியே..."

அவ்வளவுதான். மிச்சம் தானாக வந்தது. அவனை மேல்படிக்கு ஏற்றலாமா என்று விருது அலுவலகத்தார் போன மாதம் சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். தகுதி பத்தாது என்று ஒரே வரியில் எழுதிவிட்டார். நேற்று ஆறிக்கொண்டிருந்த சாக்லேட்டில் சொட்டுகளைக் கவிழ்த்தவன் இவன்தான்.

"மாலையைத் திருப்பித் தர்றதையாவது தப்பில்லாம செய்யணும்னு நினைச்சேன்," என்று தேம்பினான். "அவங்க கையை நீட்டி நின்னாங்கன்னு கேட்டப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரலை... நான் மனுஷனே இல்ல."

"கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தது என் கைதானே?" என்றாள் ரெமேதியோஸ்.

"பல்வலிக்கெல்லாம் கைது கிடையாதும்மா. அது வரலைன்னா இவரு மாட்டியிருக்கவே மாட்டாரு."

நியெவெஸ் கொன்ராதோவின் கைகளில் விலங்கைப் பூட்டினாள்.

"இதுவும் அரசாங்கச் சொத்துதான் சார், திருப்பித் தந்துடணும். ஆனா சாகற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்... ஸ்டேஷன் போனதும் நானே கழட்டிக்கறேன்!"