சிவப்பு டீசல் வந்த வழி

கன்செப்டா மக்கார்டில் கதவைத் தட்டவில்லை. நேரே உள்ளே வந்து, சீல் வைத்த ஒரு தகரக் குப்பியை அட்ராக்டா கார்மலியின் மேசைமேல் ‘டங்’கென்று வைத்தாள். மாலக்கியின் தேநீர் தளும்பிச் சாசரில் கொட்டியது.

“என்னைத் திருடின்னு எழுதிட்டாங்க,” என்றாள். “பஸ்ஸையும் பிடுங்கிட்டாங்க. நான் என் ஆயுசுல சாய டீசலை வண்டியில ஊத்தினதே இல்ல.”

எரிந்துபோன டிராக்டர்கள், நீரில் மூழ்கிய ஜெனரேட்டர்கள் என்று காப்பீட்டுக் கம்பெனிகளுக்காகத் துருவிப் பார்ப்பது அட்ராக்டாவின் தொழில். எல்லையோர மோனஹன் மாவட்டத்தில் அவர் குரலை உயர்த்திக் கேட்டவர்கள் கிடையாது. மாலக்கி டர்னின் முன்பு ரொட்டி வண்டி ஓட்டியவன். அவருக்குக் கார் ஓட்டுவதும், அவர் படாத கோபத்தையும் சேர்த்துப் படுவதும் இப்போது அவன் வேலை.

“உட்கார், கன்செப்டா. முதல்லேருந்து சொல்லு.”

உட்காராமலே சொன்னாள். ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் ஒப்பந்தம் அவளுடையது. செவ்வாய்க்கிழமை காலை பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, மாட்டுச்சந்தை அருகே வரித்துறையார் நின்றிருந்தார்கள். மற்ற வண்டிகளையெல்லாம் கையசைத்து அனுப்பிவிட்டு அவளுடையதை மட்டும் ஓரங்கட்டினார்கள். டேங்கில் குழாய் விட்டு எடுத்தார்கள். சாயம் இருந்தது. எடுத்ததை மூன்று குப்பிகளில் அடைத்து, ஒன்றை அவளிடமே கொடுத்துவிட்டு, பஸ்ஸை இழுத்துப் போனார்கள்.

“இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் குத்தமில்லன்னு காட்டலேன்னா, பாதையை வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்களாம்.”

“அந்த பஸ்கார ஸ்காலன்,” என்று மாலக்கி எழுந்தான். “அந்தப் பாதை மேல அவனுக்கு எத்தனை வருஷமா கண்ணு. நான் போய் அவன் கழுத்தை…”

“தேநீரைத் துடை, மாலக்கி,” என்றார் அட்ராக்டா.

சாய டீசல் வேறு எண்ணெய் அல்ல, அதே டீசல்தான். வயலில் ஓடும் டிராக்டருக்கும் கொட்டகை ஜெனரேட்டருக்கும் வரி தேவையில்லை என்று அரசு விட்டுக்கொடுக்கிறது. ஆனால் வரி கட்டாத எண்ணெய் சாலையில் ஓடும் வண்டிக்குள் போய்விடக் கூடாது அல்லவா? அதனால் அதில் பச்சைச் சாயம் கலந்து விடுகிறார்கள். சாயம் எஞ்சினுக்கு எதுவும் செய்யாது. டேங்கைவிட்டு எளிதில் போகவும் போகாது. ஒரு முறை ஊற்றிவிட்டால், பல முறை நல்ல டீசல் நிரப்பிய பிறகும் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும்.

“அதுக்கு முந்தின நாள் பஸ்ல ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?”

“ஒண்ணுமில்ல. திங்கட்கிழமை சாயங்காலமே எண்ணெய் தீர்ந்துபோற விளக்கு எரிஞ்சுது. காலையில பிள்ளைங்களை விட்டுட்டு நிரப்பிக்கலாம்னு இருந்தேன். ஆனா காலையில விளக்கு எரியல. அது பழைய விளக்கு, மறுபடி செத்துப்போச்சுன்னு நினைச்சேன்.”

அட்ராக்டா பேனாவைக் கீழே வைத்தார். “ராத்திரி பஸ் எங்க நின்னுச்சு?”

“எப்பவும் போல ஃபெலிம் டிரேனரோட கொட்டகையில. என் வீட்டு வாசல் கல்தூண் ரெண்டுக்கும் நடுவுல பஸ் நுழையாது. பூட்டுன கொட்டகை. ஒரு சாவி என்கிட்ட, இன்னொண்ணு ஃபெலிம்கிட்ட. பதினோரு வருஷமா அங்கதான் நிறுத்துறேன். ஒரு காசு வாங்கினதில்ல அந்த மனுஷன்.”

“குப்பியைத் திறக்கலாமா? மத்த ரெண்டும் அவங்ககிட்ட பத்திரமா இருக்கும்.”

அட்ராக்டா சீலை உடைத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி ஜன்னலோரம் வைத்தார். மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

பச்சை இல்லை. சிவப்பு.

மாலக்கியின் முகம் தொங்கிப்போனது. இந்த மாவட்டத்தில் சிவப்பு என்றால் வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்; மலிவு என்று அதை வண்டியில் கலப்பவர்களும் உண்டு. ஊரில் பாதி வீடுகளின் பின்புறம் அதற்கான தொட்டி இருக்கிறது. கன்செப்டாவின் வீட்டிலும் இருக்கிறது. அவன் தன்னையறியாமல் அவளைப் பார்த்தான்.

“பார்க்காத அப்படி,” என்றாள் கன்செப்டா. “பார்த்தேன்னா இந்த டம்ளரை உன் தலையில கவுத்துருவேன்.”

“சண்டை அப்புறம்,” என்ற அட்ராக்டா, ஒரு மெல்லிய காகிதத்தில் சிவப்பை ஒரு சொட்டு விட்டார். பக்கத்தில் அறைக் கணப்புக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை இன்னொரு சொட்டு. காகிதத்தை ஜன்னல் காற்றில் மாட்டினார். “மண்ணெண்ணெய் லேசானது. காத்துப் பட்டா பறந்துடும், காகிதத்துல பெரிசா எதையும் விட்டுவைக்காது. டீசல் கனமானது. உட்கார்ந்துக்கும்.”

காத்திருந்தார்கள். இரண்டாவது தேநீர் முடிந்தபோது மண்ணெண்ணெய்ச் சொட்டு ஏறக்குறைய மறைந்திருந்தது. கன்செப்டாவின் சொட்டு, நெய் பட்ட காகிதம் போல வட்டமாகப் பளபளத்தது.

“டீசல். ஆனா சிவப்பு,” என்றான் மாலக்கி மெதுவாக. பிறகு மேசையில் குத்தினான். “எல்லைக்கு அந்தப் பக்கம். வடக்கே வேற நாடு, அங்க டிராக்டர் டீசலுக்குச் சிவப்புச் சாயம்தானே போடறாங்க. ஸ்காலன் அங்கேருந்து வாங்கிட்டு வந்திருக்கான்.”

“விளக்கு சாயங்காலம் எரிஞ்சுது, காலையில எரியல. ஊத்தினது ராத்திரி, பூட்டின கொட்டகைக்குள்ள. ஸ்காலன்கிட்ட சாவி ஏது?” அட்ராக்டா கோட்டை எடுத்தார். “வண்டியை எடு.”

*

ஃபெலிமின் மனைவி ரோஷீன் யாரையும் வெறும் வயிற்றோடு விடுகிறவள் அல்ல. பன்றி இறைச்சித் துண்டுகள், வெண்ணெய், ஆப்பிள் பணியாரம் என்று மேசை நிறைந்தது. கொட்டகை வழியாக வந்தபோது டிராக்டருக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திய ஒரு வண்டியை மாலக்கி கண்டிருந்தான். பஸ் கண்ணாடி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“அதுவா? காஹல் வாங்கினது,” என்றான் ஃபெலிம். மகனைச் சொன்னான். “கால்பந்து டீமைக் கூட்டிட்டுப் போக. சாப்பிடு, கன்செப்டா. மெலிஞ்சு போயிட்ட. இந்த வரிக்காரனுங்க நாசமாப் போக. அவனுங்க டேங்க்ல யாராவது குழாய் விடணும்.”

“உங்க வேலையெல்லாம் எப்படிப் போகுது, ஃபெலிம்?” என்றார் அட்ராக்டா, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

“அதை ஏன் கேக்கறீங்க. முற்றத்து டீசல் தொட்டி போன வாரமே வறண்டுபோச்சு, லாரிக்காரன் புதன்கிழமைதான் எட்டிப் பார்த்தான். அதுவரைக்கும் டிராக்டர்ல கிடந்ததை வச்சு ஒப்பேத்தினேன்.”

“சனிக்கிழமை எல்லை தாண்டி ஃபெர்மானாவுல மச்சான் வீட்டு மாட்டுத் தீவனத்துக்குப் புல்லு இழுக்க டிராக்டரோட போயிட்டாரு,” என்றாள் ரோஷீன். “இங்க வேலை கிடக்க, அங்க போய் விருந்து. என் பணியாரத்தைவிட அவங்களோடது நல்லா இருந்துச்சாம். வெட்கமில்லாம என்கிட்டயே சொல்றாரு.”

“நல்லா இருந்துச்சு, சொன்னேன். பொய்யா சொல்லச் சொல்ற?”

எல்லோரும் சிரித்தார்கள். கன்செப்டா சிரிக்கவில்லை.

“கன்செப்டாவோட டேங்க்ல இருந்தது பச்சை இல்ல, ஃபெலிம்,” என்றார் அட்ராக்டா. “சிவப்பு.”

ஃபெலிம் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த கத்தி பாதியில் நின்றது. பிறகு நகர்ந்தது. “சிவப்பா? என் முற்றத்துல பச்சையைத் தவிர வேற நிறம் என் மாட்டுக்கே தெரியாது. சிவப்புன்னா அது…” அவன் கன்செப்டாவைப் பார்க்காமல் சொன்னான். “மண்ணெண்ணெய். சொல்லக் கூடாது. கஷ்டம் வந்தா யாரும் செய்யறதுதான்.”

கன்செப்டாவின் நாற்காலி தரையைக் கீறியது. அட்ராக்டா அவள் மணிக்கட்டைத் தொட்டார்.

“உங்க டிராக்டர் டேங்கை ஒரு தடவை பார்க்கலாமா?”

“தாராளமா. பச்சைதான் இருக்கும்.”

கொட்டகையில், தெளிந்த பிளாஸ்டிக் குழாயை அட்ராக்டா டேங்கின் அடிவரை விட்டார். மேல் நுனியைக் கட்டைவிரலால் அடைத்து வெளியே எடுத்தார். அப்படி அடைத்தால் உள்ளே இருப்பது கீழே விழாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. கொதித்து ஆறிப்போன தேநீரின் நிறம்.

மாலக்கிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. பச்சையும் சிவப்பும் கலந்தால் வருவது பழுப்பு.

“வடக்கே போய் உதவி பண்ணிட்டு வர்றவங்களை யாரும் காலி டேங்கோட அனுப்பறதில்ல,” என்றார் அட்ராக்டா. “இங்கயும் அதே வழக்கம்தான். நாம உள்ள உட்கார்ந்து சாப்பிடறப்ப, வெளியே யாரோ வண்டியை நிரப்பிடுவாங்க. நாம பார்க்கறது கூட இல்ல. காசு கொடுத்து வாங்கியிருந்தா உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும், ஃபெலிம். மச்சான் வீட்டுல சும்மா கிடைச்சது, மறந்துட்டீங்க. திங்கட்கிழமை ராத்திரி முற்றத்துத் தொட்டி காலி. கைக்கெட்டினது பக்கத்துல நின்ன டிராக்டர் மட்டும்தான். இருட்டு, கறுப்பு ரப்பர் குழாய். வழக்கமான பச்சைன்னு நினைச்சு உறிஞ்சி பஸ்ல விட்டீங்க. புதன்கிழமை லாரி வந்ததும் மிச்சத்துக்கு மேல பச்சையை ஊத்தினீங்க. மத்த வண்டிகளை விட்டுட்டு இவ வண்டியை மட்டும் நிறுத்தச் சொல்லி யாரோ தகவல் கொடுத்திருக்காங்க. தார்ப்பாய்க்குக் கீழ நிக்கிற பஸ்ஸுக்கு ஒரு பாதை வேணும் இல்லையா?”

ஃபெலிம் தார்ப்பாய்ப் பக்கம் பார்த்தான்.

“பையனுக்குக் கடன் கழுத்தை நெரிக்குது,” என்றான். “அபராதத்தை நான் கட்டிடறேன், கன்செப்டா. நமக்குள்ள வச்சுக்கலாம். அக்கம்பக்கம்.”

மாலக்கி முன்னே பாய்ந்தான். ஆனால் அவனுக்கு முன்பே ரோஷீன் அடுக்களையிலிருந்து வந்திருந்தாள். கையில் கணவனின் கோட்டு இருந்தது. அதை அவன் மார்பில் எறிந்தாள்.

“என் பேத்தி அந்த பஸ்ல போறா,” என்றாள். “போட்டுக்க. வரி ஆபீஸ் மூடறதுக்குள்ள போய் உன் வாயால சொல்லு. சொல்லலேன்னா நான் சொல்லுவேன். அந்தப் பக்கத்துப் பணியாரத்தைப் பத்தியும் சேர்த்துச் சொல்லுவேன்.”

கன்செப்டா மேசைக்குத் திரும்பிப் போய், தன் வளையத்திலிருந்து கொட்டகைச் சாவியைக் கழற்றி, ஃபெலிமின் தேநீர்க் கோப்பைக்குள் போட்டாள்.

*

பஸ் அன்று மாலையே விடுவிக்கப்பட்டது. பாதையும் அவளிடமே இருந்தது. மறுநாள் காலை மாலக்கி அவள் வீட்டுக்குப் போனபோது, பஸ் சாலையோரம் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்து நின்றது. கன்செப்டா கனமான சம்மட்டியோடு வாசல் கல்தூணின் முன் நின்றிருந்தாள். அவள் காலடியில் ஏற்கெனவே கல் சிதறிக் கிடந்தது.

“என் தாத்தா கட்டினது,” என்றாள் மூச்சு வாங்க. “இதை இடிக்க மனசில்லாமத்தான் பதினோரு வருஷம் அவன் கொட்டகைக்குப் போனேன். அவன் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கெல்லாம் கேக் பண்ணிக் கொடுத்தேன், மாலக்கி.”

மாலக்கி கோட்டைக் கழற்றி வேலியில் போட்டான். நேற்றிலிருந்து கைகளில் தேங்கியிருந்த கோபம் இன்னும் இறங்காமல் இருந்தது.

“தள்ளு,” என்றான். “அந்தப் பக்கத்துத் தூண் என்னோடது.”