ஆள்களத்தை விட்டு விலகிய வீடு

ஆறரை மணிக் குளியலுக்குக் கோமளவல்லி ஐந்து ஐம்பதுக்கே விண்ணப்பம் போட்டுவிட்டாள். செவ்வாய்க் கிரகத்தின் மருதக்குடியில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். குழாய், விளக்கு, கதவு யாவற்றையும் நடத்தும் வீட்டுக்கணினி, பூமியிலிருக்கும் ஆள்களம் என்ற தலைமைக் கணினியைக் கேட்காமல் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாது. கேள்வி போக இருபது நிமிடம், பதில் வர இருபது நிமிடம்.

அன்று அனுமதி வரவில்லை. "இன்று இரண்டாம் சனி. அலுவலகம் விடுமுறை" என்ற அறிவிப்புதான் வந்தது.

குளிக்காமல் இருந்துவிடலாம். ஆனால் கண்ணாடிக் கூடத்தில் நானூறு கத்தரி நாற்றுகள் தலைசாய்ந்து நின்றன. மூன்று முறை பொய்த்து, நான்காம் முறை அவள் கையால் முளைத்தவை. மதியத்துக்குள் தண்ணீர் காட்டாவிட்டால் கருகிவிடும்.

பக்கத்து வீட்டுக் குழாய் மெக்கானிக் சவரிமுத்துவை அழைத்தாள். தண்ணீர்த் தொட்டியின் திறப்பு அவர் வீட்டுக்கணினியில் இருந்தது.

"அண்ணே, ரெண்டு வீட்டையும் ஆள்களத்துலேருந்து பிரிச்சுப் பணிக்குழுவா மாத்திடலாம்."

பணிக்குழு என்பது தலைமை இல்லாமல் அக்கம்பக்கத்துக் கணினிகள் சமமாகக் கைகோத்துக்கொள்ளும் ஏற்பாடு. கையேட்டில் இருந்தது, பதினோரு ஆண்டுகளாக யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை.

"விளையாடுறியாம்மா? வெளியே வந்துட்டா மேலிடத்துக் கடவுச்சொல் செல்லாது. உள்ளூர்க் கடவுச்சொல் இல்லேன்னா கதவே திறக்காது. உள்ளேயே காய்ஞ்சு கருவாடாயிடுவே!"

"அதை முதல்லயே வச்சாச்சு. மூணு தடவை போட்டும் பார்த்தாச்சு. நீங்களும் வச்சுக்குங்க."

"நீ என்ன வச்சே?"

"சொன்னா அது கடவுச்சொல்லாண்ணே?"

விலகு என்ற பொத்தானை அழுத்தினாள். விளக்கு அணைந்தது. காற்றுவிசிறி நின்றது. தன் மூச்சுச் சத்தம் அவளுக்கே கேட்டது. திரை மெல்ல ஒளிர்ந்து கடவுச்சொல் கேட்க, ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். விசிறி சுழன்றது! குழுவுக்குக் 'கத்தரி' என்று பெயரிட்டாள். சவரிமுத்துவும் விலகி, அதே பெயரைப் போட்டார்.

இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை.

"பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கண்ணே."

"க, த், தி, ரி."

"திரியா? அது கத்தரிண்ணே!"

"எங்க ஊர்ல கத்திரிதான். தலைமுறை தலைமுறையா அப்படித்தான் தின்னுக்கிட்டிருக்கோம்."

"பள்ளிக்கூடத்துல எங்களுக்குக் கத்தரின்னுதான்..." என்று தொடங்கியவள் நாற்றுகளைப் பார்த்தாள். "சரி, உங்க 'தி'யையே வச்சுக்குவோம்."

த என்ற எழுத்துக்கு மேல்விலங்கு முளைத்த அடுத்த நொடி, குழாய்கள் இருமின. தண்ணீர் பாய்ந்தது. நாற்பது நிமிடமில்லை, நாலு நொடி! "வந்துட்டுதும்மா!" என்று மறுபுறம் சவரிமுத்து போட்ட கூச்சலில் ஒலிபெருக்கி அதிர்ந்தது.

மாலைக்குள் நாற்றுகள் நிமிர்ந்தன. மற்ற ஒன்பது வீடுகளும் பணிக்குழுவில் சேர்ந்துவிட்டன. எதிர்வீட்டு நூர்ஜகான் அழைத்தாள்.

"அக்கா, எங்க கீரைக்குக் கொஞ்சம் தண்ணி திறந்துக்கட்டுமா?"

"இனிமே யாரையும் கேக்க வேண்டாம் நூர். எல்லாரும் சமம்."

"அதுக்காக? உங்களை ஒரு வார்த்தை கேக்காம எப்படிக்கா?"

கோமளவல்லிக்கு உள்ளம் குளிர்ந்தது. இத்தனை ஆண்டுகளில் அவளிடம் யாரும் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தாராளமாத் திறந்துக்கோ," என்றாள். "எதுக்கும் ரெண்டு வரி எழுதி அனுப்பிடு. பார்த்துட்டுச் சொல்றேன்."